தாமதத்துக்கு ஒரு பொன்விழா

1974 மே மாதம், ஆவடியில் சொந்தமாக ஒரு டேங்க் செய்துவிடுவது என்று டெல்லி தீர்மானித்தது. ஒதுக்கிய தொகை 15.5 கோடி ரூபாய். பத்து வருஷத்தில் முடித்துவிடலாம் என்று கணக்கு. அந்த டேங்குக்கு அர்ஜுன் என்று பெயர் வைத்தார்கள். அது படையில் சேரத் தொடங்கியது 2004-ல். அப்போதும் உள்ளே ஓடியது ஜெர்மன் எஞ்சின். நம்முடையது என்று சொல்லிக்கொள்ள 1,500 குதிரைத்திறன் டேங்க் எஞ்சின் ஒன்று மைசூரு பெமல் தொழிற்சாலையில் முதன்முதலாக உறுமிய தேதி 2024 மார்ச் 20. கூட்டிக் கழித்துப் பாருங்கள். ஐம்பது வருஷம்.

நம் ஊரில் எதற்கெல்லாமோ பொன்விழா எடுக்கிறோம். நடிகருக்கு எடுக்கிறோம், கட்சிக்கு எடுக்கிறோம், வட்டச் செயலாளர் அரசியலுக்கு வந்ததற்குக்கூட எடுக்கிறோம். அரை நூற்றாண்டு ஒரு நாள் விடுப்பு எடுக்காமல் உழைத்த தாமதத்துக்கு மட்டும் ஒரு மாலை கிடையாது, ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கிடையாது. இந்த நன்றிகெட்டத்தனம் பொறுக்காமல் நானே அழைப்பிதழ் அடித்துவிட்டேன். இடம்: ஆவடி, டேங்க் ஃபேக்டரிக்கு எதிரில் போட்ட பந்தல். நேரம்: மாலை ஆறு மணி, விழா நாயகரின் தகுதியை உத்தேசித்துப் பத்தரைக்குத் தொடங்கும். அனுமதி இலவசம். செலவு உங்களுடையது: 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய்.

வரவேற்புரை: தேவைப் பட்டியல்

வரவேற்க வந்தவர் தேவைப் பட்டியல். இன்ன எடை, இன்ன வேகம், இன்ன பீரங்கி என்று ராணுவம் எழுதித் தரும் காகிதம் அவர். படி ஏறும்போது நாலு பக்கம் இருந்தார். மைக்கைப் பிடிப்பதற்குள் நாற்பது பக்கம் ஆகியிருந்தார்.

"அவையோரே! ஒரு சொல்லில் நிற்பவன் என்ற பழி எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. அர்ஜுனைக் கேட்டபோது நாற்பது டன் என்றேன், 105 மில்லிமீட்டர் பீரங்கி என்றேன். விஞ்ஞானிகள் வரைபடத்தை மடிப்பதற்குள் 120 மில்லிமீட்டர் என்றேன். பீரங்கி பெருத்தது. அதைத் தாங்க வண்டி பெருத்தது, வண்டியை இழுக்க எஞ்சின் பெருக்க வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு எஞ்சின் இங்கே இல்லை என்பதால் ஜெர்மனிக்குப் போனார்கள். கடைசியில் 58 டன்னில் வந்து நின்றபோது, 'என்னப்பா இவ்வளவு கனம்?' என்று முகம் சுளித்தவனும் நான்தான். சுளித்த கையோடு 2001-ல் ரஷ்யாவிலிருந்து 310 டி-90 டேங்குகளை வாங்க ஏற்பாடு செய்தேன். பிறகு அர்ஜுனில் எழுபதுக்கு மேல் மாற்றங்கள் கேட்டேன். இப்போது எடை 68 டன். அடுத்த கூட்டத்தில் எடையைக் குறைக்கச் சொல்லப் போகிறேன்.

"துப்பாக்கியையாவது விட்டுவைத்தேனா? கார்கில் குளிரில் இன்சாஸ் துப்பாக்கி திக்கியது, பிளாஸ்டிக் மேகஸின் விரிசல் விட்டது. சரி, மாற்றலாம் என்று 2011-ல் டெண்டர் விட்டேன். ஒரே துப்பாக்கி, குழலை மாற்றினால் இரண்டு வகைத் தோட்டாவையும் சுட வேண்டும் என்றேன். நாலு வருஷம் சோதித்தேன். 2015 ஜூனில் டெண்டரைக் கிழித்துப் போட்டேன். இந்தப் பட்டியல்களை எழுதுகிறவர்கள் மார்வெல் காமிக்ஸ் படம் பார்த்துவிட்டு எழுதுகிறார்களோ என்று அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கரே கிண்டல் செய்தார். அதை நான் விருதாக எடுத்துக்கொண்டேன். 2019-ல் அமெரிக்காவிடம் 72,400 துப்பாக்கி வாங்கினோம். அதே ஆண்டு மார்ச் 3-ம் தேதி அமேதி அருகே கோர்வாவில் ஏ.கே.-203 துப்பாக்கித் திட்டத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார். விலை பேசி ஒப்பந்தம் கையெழுத்தானது 2021 டிசம்பரில். ரிப்பன் வெட்டிய பிறகு விலை கேட்பது நாகரிகம்."

பலத்த கைதட்டல்.

தலைமையுரை: கோப்பு

தலைமை தாங்கியவர் கோப்பு. நான்கு பேர் தூக்கிவந்து நாற்காலியில் வைத்தார்கள்.

"நான் மெதுவாக நடக்கிறேன் என்று என்மேல் அவதூறு. நான் எப்போதய்யா நடந்தேன்? தூக்கிக்கொண்டல்லவா போகிறார்கள்! படைத் தலைமையகம், தரக் கட்டுப்பாடு, நிதி, பாதுகாப்பு அமைச்சகம், மறுபடியும் நிதி. ஒவ்வொரு மேஜையிலும் ஒரு கேள்வி. ஒரே நாளில் பத்துக் கேள்வி கேட்டால் பத்துக்கும் பதில் வந்துவிடும் அல்லவா? அதனால் ஒன்று ஒன்றாகக் கேட்பார்கள். என்னை நகர்த்தும் விதிமுறையை 2002-ல் எழுதினார்கள். 2005, 2006, 2008, 2011, 2013, 2016, 2020 என்று புதுப்பித்துக்கொண்டே வந்தார்கள். பாதி வழியில் நிற்கும் கோப்புக்குப் பழைய விதியா, புதிய விதியா என்று தீர்மானிக்கத் தனிக் கோப்பு தொடங்குவார்கள். எங்கள் வம்சம் இப்படித்தான் தழைக்கிறது.

"பாதுகாப்பு இணையமைச்சராக இருந்த சுபாஷ் பாம்ரே 2017-ல் எங்கள் வம்சத்தை ஆராய்ந்தார். 144 கொள்முதல் திட்டங்களில் எட்டிலிருந்து பத்து சதவீதம்தான் குறித்த காலத்தில் கரை சேர்ந்தது, எவரும் பொறுப்பில்லை, ஒரே வேலையைப் பல இடங்களில் செய்கிறார்கள் என்று எழுதினார். மகிழ்ச்சி. அந்த அறிக்கைக்கும் ஒரு கோப்பு போட்டோம்.

"குண்டு துளைக்காத சட்டை வேண்டும் என்ற கோரிக்கைக்கு 2009-ல் ஒப்புதல். 1.86 லட்சம் சட்டைகளுக்கு ஒப்பந்தம் 2018 ஏப்ரலில். ஒன்பது வருஷம் என்று வயிறெரிகிறீர்களே, அந்த ஒன்பது வருஷத்தில் என்மேல் ஒரு ஊழல் குற்றச்சாட்டு உண்டா? அதுதான் ரகசியம். 1986-ல் போஃபர்ஸ் நிறுவனத்திடம் 410 பீரங்கி வாங்கினார்கள். மறு வருஷம் லஞ்சப் புகார் வெடித்தது, ஆட்சி ஆட்டம் கண்டது. அன்று என் தலைமுறை ஒரு பாடம் படித்தது. கையெழுத்துப் போட்டவனைத் தேடி சி.பி.ஐ. வரும், போடாதவனைத் தேடி ஒருவரும் வரமாட்டார்கள். அடுத்த பெரிய பீரங்கி ஒப்பந்தம் 2016-ல், முப்பது வருஷம் கழித்து. 2012-ல் ஆறு கம்பெனிகளைப் பத்தாண்டு தடைப்பட்டியலில் போட்டோம். ஊழலுக்குத் தண்டனை என்று நீங்கள் நினைத்தீர்கள். தண்டனையை அனுபவித்தது பீரங்கிப் படை."

இங்கே ஒரு உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். கோப்பு பொய் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டு நாட்டைக் காப்பாற்றிய அதிகாரிக்குப் பதக்கம் கிடையாது. போடாமல் தன்னைக் காப்பாற்றிக்கொண்ட அதிகாரிக்குப் பதவி உயர்வு உண்டு, ஓய்வூதியமும் உண்டு. இந்தக் கணக்கு தெரிந்த யாரும் பேனாவைத் திறக்கமாட்டார்கள்.

வாழ்த்துரை: விமானத் தொழிற்சாலை

பெங்களூரிலிருந்து வாழ்த்துரை வழங்க வந்தவர் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ். கழுத்தில் மகாரத்னா பட்டத்தின் மாலை, இன்னும் வாடவில்லை.

"தேஜஸ் போர் விமானத் திட்டம் தொடங்கியது 1983-ல். முதல் பறப்பு 2001 ஜனவரி 4. முதல் படைப்பிரிவு 2016 ஜூலையில் அமைந்தது, இரண்டே விமானங்களோடு. அப்புறம் அது உங்கள் சூலூருக்கு வந்தது. 2021 பிப்ரவரியில் 83 மேம்பட்ட தேஜஸ்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள், ஏறக்குறைய 48,000 கோடி ரூபாய். 2024 மார்ச்சுக்குள் முதல் விமானம் தருவேன் என்றேன். அந்த மார்ச்சில் முதல் விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்டினேன், தரவில்லை. அதே வருஷம் அக்டோபரில் அரசு எனக்கு மகாரத்னா அந்தஸ்து கொடுத்தது. 2024 மார்ச்சோடு முடிந்த நிதியாண்டில் நிகர லாபம் 7,500 கோடிக்கு மேல். மறு ஆண்டு 8,300 கோடிக்கு மேல். விமானம் தரையில் நின்றால் என்ன, பங்கு விலை பறந்ததே!

"2025 செப்டம்பர் 26-ம் தேதி சண்டிகரில் கடைசி மிக்-21 விமானங்களுக்கு விடை கொடுத்தார்கள். அன்றைக்கு என் 83-ல் ஒன்றுகூடப் படையிடம் போய்ச் சேரவில்லை. அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது தெரியுமா? இன்னும் 97 தேஜஸ்களுக்கு 62,370 கோடி ரூபாயில் ஆர்டர் கொடுத்தார்கள். கொடுக்காமல் எங்கே போவார்கள்? எதிர்க்கடை கிடையாதே! விமானப் படைத் தளபதி ஏ.பி. சிங் அந்த வருஷம் மே மாதம் மேடையிலேயே சொன்னார், குறித்த காலத்தில் முடிந்த திட்டம் ஒன்றுகூடத் தன் நினைவுக்கு வரவில்லை என்று. கையெழுத்துப் போடும்போதே சில நேரம் இது வராது என்று தெரியும், ஆனாலும் போடுகிறோம் என்றும் சொன்னார். இப்படிப்பட்ட வாடிக்கையாளர் வேறு எந்தத் தொழிலில் கிடைப்பார்?

"எஞ்சின் வரவில்லை, அமெரிக்காக்காரன் ஏமாற்றிவிட்டான், நான் என்ன செய்ய?"

அமெரிக்காக்காரர் தாமதித்தது உண்மைதான். 2021-ல் கேட்ட 99 எஞ்சின்களில் முதலாவது கைக்கு வந்தது 2025 மார்ச்சில். ஆனால் அமெரிக்கா வாசலில் ஏன் நிற்கிறோம் என்று கேட்டால் கதை 1989-க்குப் போகும். அந்த வருஷம் தேஜஸுக்கென்று சொந்த எஞ்சின் செய்ய 382.81 கோடி ஒதுக்கினார்கள். தணிக்கைத் துறை 2011-ல் கணக்குப் பார்த்தபோது மதிப்பீடு 2,839 கோடியாகியிருந்தது. 2008-லேயே தேஜஸிலிருந்து அதைக் கழற்றிவிட்டிருந்தார்கள். அந்த எஞ்சினுக்கு வைத்த பெயர் காவிரி. பெங்களூரைத் தாண்டிச் சூலூர் வரவில்லை. இந்தக் காவிரிக்கு நடுவர் மன்றமும் இல்லை.

இன்னொரு கணக்கு. 126 ரஃபேல் விமானங்களை வாங்கிப் பெரும்பகுதியை இங்கேயே செய்வது என்று பேசினார்கள். அந்தப் பேச்சு முறிந்ததற்கு மத்திய அரசே சொன்ன காரணங்களில் ஒன்று: பிரான்சில் ஆகும் வேலை நேரத்தைப்போல இங்கே 2.7 மடங்கு ஆகும். சரி, ஏன் 2.7 மடங்கு? கருவி பழசா, உதிரி பாகம் வரத் தாமதமா, பத்தும் பன்னிரண்டுமாக ஆர்டர் கொடுத்தால் கை எப்படிப் பழகும்? ஒருவரும் கேட்கவில்லை. 36 விமானங்களைப் பறக்கும் நிலையிலேயே வாங்கிக்கொண்டு, தொழிற்சாலையை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிவந்தார்கள். நோய் இன்னதென்று தெரிந்தபின் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது எங்கள் வைத்தியம்.

சிறப்புரை: மார்ச் 31

அடுத்தவர் மார்ச் 31. ஆயுதத் தொழிற்சாலைகளின் குலதெய்வம். வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார்.

"ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை என்னை யாரும் நினைப்பதில்லை. ஜனவரியில் தொடங்கும் பரபரப்பு. ஓவர்டைம், இரவு ஷிஃப்ட், எப்படியாவது இலக்கைத் தொடு! தொட முடியாவிட்டால் இருக்கவே இருக்கிறது காகிதம். செய்து முடிக்காத பொருளைச் செய்து அனுப்பிவிட்டதாக முன்கூட்டியே சீட்டு எழுதிவிடுவோம். தணிக்கைத் துறை இதைத் திரும்பத் திரும்பக் கண்டித்திருக்கிறது. கண்டிக்கட்டுமே. காகிதத்தில் குண்டு தயார். எதிரியும் காகிதத்தில் வந்தால் ஒரு கை பார்த்துவிடுவோம்.

"நிஜக் குண்டு எவ்வளவு என்கிறீர்களா? நாற்பது நாள் கடும் போருக்குத் தேவையானது கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. 2016 செப்டம்பரில் தணிக்கைத் துறை 152 வகை வெடிபொருள்களை எண்ணியது. நாற்பது நாளுக்குத் தேறியது ஐந்தில் ஒரு பங்கு. நாற்பது சதவீத வகைகள் பத்து நாளுக்குக்கூட வந்திருக்காது. பகைவனுக்கு ஒரு வேண்டுகோள்: வந்தால் பத்து நாளில் போய்விடவும்."

அவர் சிரித்தார். பந்தலில் சிலரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராணுவத்தின் உள் அறிக்கை என்று 2020-ல் நாளிதழ்களில் ஒரு செய்தி வந்தது. 2014-லிருந்து தரமற்ற வெடிபொருள் என்று ஒதுக்கி அழித்தவற்றின் மதிப்பு 960 கோடி. அந்த ஆண்டுகளில் நடந்த விபத்துகளில் இறந்தவர்கள் 27 பேர். எதிரி சுட்டு இறந்தவர்கள் கணக்கில் இந்த 27 பேர் இல்லை. எங்கள் குற்றமில்லை, சேமித்த விதம், பராமரித்த விதம் என்று பல காரணம் இருக்கும் என்றது ஆயுதத் தொழிற்சாலை வாரியம். யார் சொல்வது சரி என்று தீர்ப்பதற்குள் அந்த வாரியமே கலைந்துபோனது.

தனியாரிடம் கொடுத்தால் சரியாகிவிடும் என்கிற அன்பர்களுக்கும் ஒரு செய்தி. போஃபர்ஸோடு வந்த வரைபடங்கள் கால் நூற்றாண்டு தூங்கி எழுந்து தனுஷ் என்ற பீரங்கியானது. அதற்கு பேரிங் வாங்கக் குறைந்த விலைக்காரரைத் தேடினார்கள். ஜெர்மனியில் செய்தது என்று முத்திரை குத்திச் சீன பேரிங்கைத் தள்ளிவிட்டதாக ஒரு தனியார் சப்ளையர்மேலும், ஜபல்பூர் பீரங்கித் தொழிற்சாலையின் அடையாளம் தெரியாத அலுவலர்கள்மேலும் 2017-ல் சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. சீன எல்லையைக் காக்க வேண்டிய பீரங்கி. எதிரியிடமே உதிரி பாகம் வாங்கி எதிரியைச் சுடும் சிக்கனம் சாணக்கியனுக்குக்கூடத் தோன்றியிருக்காது.

பொன்னாடை போர்த்துதல்: குழுக்கள்

இந்த நிகழ்ச்சிக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஆனது. 2000-ல் டி.கே.ஏ. நாயர் குழு வந்தது. ஆயுதத் தொழிற்சாலைகளை அரசுத் துறையாக வைத்திருக்காதீர்கள், நிறுவனமாக்குங்கள் என்றது. ஐந்து வருஷத்தில் கேல்கர் குழு வந்து அதையே சொன்னது. 2015-ல் ராமன் பூரி குழு. 2016-ல் ஷெகட்கர் குழு. ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வைச் சீர்செய்ய 2008-ல் ராமாராவ் குழு அறிக்கை தந்தது. அது போதாதென்று 2023-ல் விஜயராகவன் குழு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பொன்னாடை. ஓசூரில் ஒரு ஜவுளிக்கடையே காலி.

கடைசியில் 2021 அக்டோபர் 1-ம் தேதி 41 தொழிற்சாலைகளையும் ஏழு நிறுவனங்களாகப் பிரித்தார்கள். எளிய யோசனையைச் செயல்படுத்த இருபத்தொரு வருஷம். அதிலும் விழா நாயகர் சாதனை படைத்தார். கவச வாகன நிறுவனத்தின் தலைமையகம் ஆவடிக்கு வந்தது. அதே ஆவடியில் சீருடை தைத்துக்கொண்டிருந்த தொழிற்சாலை கான்பூரில் தலைமையகம் கொண்ட ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் நிறுவனத்தின்கீழ் போனது. ஆவடியில் தையல் மிஷின்கள் ஏற்கெனவே வேலைக்குத் தவித்துக்கொண்டிருந்தன. 2017-க்குப் பிறகு வீரர்களுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் உடைப்படி கொடுத்து, வெளியில் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். பெயர்ப்பலகை ஏழானது. வாங்குபவர் அதே ஒருவர், அதே கோப்பு, அதே தேவைப் பட்டியல்.

பிரிப்பதற்கு முன்பு, 2021 ஜூன் 30-ம் தேதி, ஓர் அவசரச் சட்டம். இந்தத் தொழிற்சாலைகளில் வேலைநிறுத்தம் செய்தால் ஓராண்டு வரை சிறை என்றது. நாட்டின் பாதுகாப்புக்கான உற்பத்தி தடைபடக் கூடாதாம். மிகச் சரி. சுமார் 70,000 பேர் ஒரு நாள் கைகட்டி நின்றால் அது அப்போது குற்றம். பத்து வருஷத்தில் முடிய வேண்டியதை முப்பது வருஷம் இழுத்தால் அதற்கு எந்தப் பிரிவு? இல்லை. லேத் பிடித்தவனுக்குச் சிறை, பேனா பிடித்தவனுக்குப் பொன்னாடை.

கூட்டத்தில் சலசலப்பு

அப்போது பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். கோயம்புத்தூர்க்காரர், சின்னப் பட்டறை வைத்திருப்பவர்.

"ஏனுங்க, நான் ஒண்ணு கேக்கலாமுங்களா? டிஃபென்ஸ் காரிடார்னு 2018 பட்ஜெட்ல சொன்னாங்க. சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சின்னு அஞ்சு ஊரு. நானும் நம்பி பேங்க்ல கடன் வாங்கி சி.என்.சி. மிஷின் போட்டனுங்க. சாம்பிள் கேட்டாங்க, கைக்காசு போட்டுச் செஞ்சு குடுத்தேன். சோதனைச் செலவும் என்னுதுதானுங்க. நல்லா இருக்குன்னாங்க. நாப்பது பீஸ் ஆர்டர். அப்புறம் ரெண்டு வருசமா சத்தத்தையே காணோம். மிஷினு சும்மா கெடக்குது, ஈ.எம்.ஐ. சும்மா கெடக்குதுங்களா? அது கெடக்கட்டும். எனக்கு ஒரே சந்தேகம். அந்த வஜ்ரா பீரங்கி மட்டும் எப்படிங்க நேரத்துக்கு வந்துச்சு?"

மேடை உறைந்தது. கோப்பு தன்னைத்தானே மூடிக்கொண்டது.

கே-9 வஜ்ரா. 2017 மே மாதம் எல் அண்ட் டி நிறுவனத்திடம் 100 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள். தென்கொரிய ஹன்வா நிறுவனத்தின் வடிவமைப்பு. குஜராத் ஹஜீராவில் செய்து, நூறாவது பீரங்கியை 2021 பிப்ரவரியில், கெடுவுக்கு முன்பே கொடுத்துவிட்டார்கள். மந்திரம் ஒன்றுமில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டி. ஒப்பந்தம் போட்ட பிறகு அளவை மாற்றவில்லை. நூறு என்றால் நூறு. பொறுப்பு ஒரே நிறுவனத்தின் தலையில். நம் ஊர்த் தொழிலாளி, நம் ஊர் இரும்பு, நம் ஊர் வெயில். இதே மண்ணில் இவ்வளவும் நடந்தது.

சீக்கிரம் முடித்ததற்கு என்ன பரிசு கொடுத்தோம்? அடுத்த நூறு பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் 2024 டிசம்பரில் கையெழுத்தானது. ஏறக்குறைய நாலு வருஷம். ஆவடியில் நடந்ததும் அதேதான். 124 அர்ஜுன்களுக்குப் பிறகு அடுத்த 118-க்கு ஆர்டர் வந்தது 2021 செப்டம்பரில். அதற்கு ஏழு மாதம் முன்பே, பிப்ரவரி 14 அன்று, சென்னையில் பிரதமர் ஒரு புதிய அர்ஜுனைத் தளபதியிடம் ஒப்படைத்துப் படம் எடுத்தாகிவிட்டது. ஆர்டருக்கு முன்பே ஒப்படைப்பு! ஆர்டர் வந்தபின் ஒரு சேதி வந்தது: அந்த வகை எஞ்சினை ஜெர்மனியில் இப்போது செய்வதில்லை, மறுபடி தொடங்க வருஷக்கணக்கில் ஆகும். இடைப்பட்ட காலத்தில் வெல்டிங்கில் கைதேர்ந்தவர் ஓய்வு பெற்றுப் பட்டாபிராம் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அடுத்து வருபவர் அ, ஆ-விலிருந்து தொடங்க வேண்டும். இதைப் பார்த்துவிட்டுத்தான் இந்தியத் தொழிலாளிக்குத் திறமை போதாது என்று டெல்லியில் கருத்தரங்கம் போடுகிறார்கள்.

நன்றியுரை

நன்றி சொல்ல வேண்டியது நான். இதற்கு மேல் விழாக் குரலில் பேச என்னால் முடியாது.

உயர்நிலைப் பயிற்சிக்கு ஜெட் விமானம் வேண்டும் என்று விமானப் படை எண்பதுகளின் தொடக்கத்திலேயே கேட்டது. அதற்காக ஹாக் விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டது 2004 மார்ச்சில். அந்த இருபது வருஷமும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பிள்ளைகள் நேராக மிக்-21-ல் ஏறினார்கள். அந்த மிக்-21-க்கு மாற்றாக 1983-ல் தொடங்கியதுதான் தேஜஸ். அது வரும் வரும் என்று பழைய விமானத்தின் ஆயுளை நீட்டிக்கொண்டே போனார்கள். 2012-ல் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் கணக்குக் கொடுத்தார். வாங்கிய மிக் ரக விமானங்கள் 872. 1971-லிருந்து விபத்துகள் 482. இறந்த விமானிகள் 171 பேர். தரையில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்து இறந்த பொதுமக்கள் 39 பேர். எல்லா விபத்துக்கும் தாமதம் காரணம் என்று நான் சொல்லவில்லை. எந்த விபத்துக்கும் தாமதம் காரணமில்லை என்று சொல்லும் துணிச்சல் யாருக்காவது இருந்தால் மேடைக்கு வரட்டும்.

இந்த மேடையில் பேசிய ஒருவராவது தாமதத்தால் எதையாவது இழந்தாரா? பட்டியல் எழுதியவர் பதவி உயர்ந்து வேறு ஊர் போனார். கோப்பைப் பிடித்தவர் ஓய்வு பெற்றார். தொழிற்சாலைக்கு லாபமும் பட்டமும் வந்தன. தாமதத்துக்கு அபராதம் உண்டு என்பார்கள். அதற்கும் ஓர் உச்சவரம்பு வைத்து, அரசு நிறுவனம் அரசுக்கே கட்டும், பிறகு அதே அரசு லாப ஈவு வாங்கிக்கொண்டு ரோஜாப்பூ கொடுக்கும். அமைச்சர்கள் மாறினார்கள், கட்சிகள் மாறின. ஆளுக்கொரு அடிக்கல், ஆளுக்கொரு முழக்கம். நட்டம் முழுவதையும் சுமந்தவர்கள் இரண்டே பேர். வரி கட்டியவர், விமானத்தில் ஏறியவர். இவர்கள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டவர்கள் இல்லை. உலகத்தின் எந்தத் தொழிலிலும், தவறு செய்பவனுக்கு வலிக்காத இடத்தில் திறமை வளராது. இது புரிய ஏழாவது குழு தேவையில்லை.

என்ன செய்ய வேண்டும் என்பதும் ரகசியமில்லை. ஒப்பந்தம் போட்ட பிறகு அளவை மாற்றினால், மாற்றியவர் பெயரும் அதனால் கூடிய செலவும் வெளியில் வரட்டும். ஐந்து வருஷத்துக்கு எத்தனை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். தொழிற்சாலையும் பட்டறையும் அதற்குத் தகுந்தபடி ஆள் வைத்துக்கொள்ளும். நேர்மையாகக் கையெழுத்துப் போட்ட அதிகாரியைச் சட்டம் காக்கட்டும். காரணமில்லாமல் கோப்பை வைத்துக்கொண்டவரைக் கேள்வி கேட்கட்டும். ஒவ்வொரு திட்டத்துக்கும் முதலில் சொன்ன தேதி, முதலில் சொன்ன தொகை, இன்றைய நிலை ஆகிய மூன்றையும் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வையுங்கள். ரகசியம் வெளியாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். நம்மிடம் என்ன இல்லை என்பது எதிரிக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாமல் வைத்திருப்பது நமக்கு மட்டும்தான்.

அடுத்த முறை ஒருவர் மேடையேறித் தற்சார்பு, தன்னிறைவு, உலக வல்லரசு என்று முழங்கிக் கைதட்டலுக்காக நிறுத்தினால், தட்டாதீர்கள். எழுந்து நின்று கேளுங்கள்: முதலில் சொன்ன தேதி என்ன, தள்ளிப்போட்டது யார், அவருக்கு என்ன ஆயிற்று? மூன்றுக்கும் பதில் வரும்வரை உட்காராதீர்கள்.